மருத்துவர் லூக்காவின் தூரிகை

சேரப்பணஞ்சேரியிலிருந்து வண்டலூர், தாம்பரம் வழியாகச் சென்னைக்குச் செல்வோர் பரங்கிமலையைக் கடந்தே செல்கின்றனர். அம்மலையுச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் எழுப்பிய ஆலயத்தில், குழந்தை இயேசுவை ஏந்திய மரியன்னையின் பழைய ஓவியம் ஒன்று உள்ளது. அதனைத் தீட்டியவர் நற்செய்தியாளர் லூக்கா என்றும், இங்குக் கொணர்ந்தவர் திருத்தூதர் தோமா என்றும் மரபு கூறுகிறது. லூக்காவை மருத்துவர் என்றே பவுலின் திருமுகம் குறிப்பிடுகிறது. ஐரோப்பிய நகரங்களில் ஓவியர் சங்கங்களும் அவர் பெயரையே தாங்கி நின்றன. மருத்துவருக்கும் ஓவியருக்கும் ஒருவரே காவலராக அமைந்தது, சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

டயாலிசிஸ் பெறுவோர் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கின்றனர். வாரத்திற்குப் பன்னிரண்டு மணி நேரம்! ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் ஓடியாடி உழைத்த கைகளுக்கு இந்த ஓய்வு ஓய்வாக இருப்பதில்லை. ஃபிஸ்டுலா அறுவைச் சிகிச்சையைப் பெரும்பாலும் நோயாளியின் பழகாத கையிலேயே செய்கிறோம். ஊசி ஏறிய கை அசையாதிருக்க வேண்டும். எழுதும் கையோ விடுபட்டிருக்கும். அந்தக் கையில் பென்சில் ஏந்திய சிலரைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அவர்களுள் கிறிஸ்தவ அன்பர்கள் சிலர் திருமறை வசனங்களை எழுதி, சுற்றிலும் கொடியும் மலரும் வரைகின்றனர். புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைப் பார்த்துத் தம் கையெழுத்தில் பெரிதாகத் தீட்டுகின்றனர். தவக்காலத்தில் விவிலியத்தைக் கையால் எழுதும் வழக்கமும் நம் பங்குகளில் உண்டு. ஸ்ரீராமஜெயம் எழுதும் பாட்டிமாரை அறிந்த நமக்கு இது புதிதன்று. கண்ணால் படிக்கையில் ஒரு நொடியில் கடந்துவிடும் சொல், கையால் வரைகையில் கால்மணி நேரம் நம்முடன் தங்குகிறது.

எனினும் இங்கு ஓர் இடர் எழுவதைக் காண்கிறோம். நோயாளி ஒருவர் பக்கம் முழுவதும் கறுப்பைத் தீட்டி, மூலையில் ஒரு சிறு மனித உருவை வரைந்திருந்தார். 88-ஆம் சங்கீதம் என்றார். கத்தோலிக்க அன்பர்கள் திருப்பாடல் என்பர். உடனிருந்த உறவினர், “இப்படியெல்லாம் வரையலாமா? நல்ல வசனமாக எழுதுங்கள்” என்று தாளைத் திருப்பி வைத்தார். அன்பினால் செய்த செயலே அது. ஆனால் அன்று அந்நோயாளி மீண்டும் பென்சிலைத் தொடவில்லை.

150 சங்கீதங்களுள் 88-ஆவது, துன்புற்றவரின் முறையீடாகவே அமைந்து, இருளிலேயே முடிகிறது. அதனை நீக்காமல் திருமறை தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே நோயாளியின் கறுப்புத் தாளை நம்பிக்கைக் குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை. முறையிடுவதும் வேண்டுதலே.

இதனை உணர்ந்த மருத்துவமனை ஒன்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. இன்றைய பிரான்சு நாட்டின் இசன்ஹைம் ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் நோயாளிகளைப் பேணிவந்தனர். கம்பு போன்றதொரு தானியத்தில் படரும் பூஞ்சை நஞ்சினால் உடல் எரிந்து, விரல்களும் கால்களும் அழுகும் கொடிய நோய் அக்காலத்தில் பரவியிருந்தது. அத்துறவிகளுக்காக மத்தியாஸ் குருனேவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் தீட்டிய பீட ஓவியத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் பச்சையாகிப் புண்கள் மலிந்திருக்கிறது. நோயாளிகள் தங்கள் உடலை அவர் உடலில் கண்டனர். அவ்வோவியம் இன்று கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

நோயாளியே ஓவியரான வரலாறும் உண்டு. வின்சென்ட் வான் கோ 1889 மே முதல் 1890 மே வரை சான் ரெமி மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தார். போதகரின் மகனான அவர், விடைபெறும் மாதத்தில் நல்ல சமாரியன் காட்சியைத் தீட்டினார். லூக்கா மட்டுமே எழுதிவைத்த கதை அது. டெலக்குவாவின் ஓவியத்தைப் பின்பற்றித் தம் வண்ணங்களில் வரைந்தார். அதில் சமாரியன், காயமுற்றவனைக் குதிரையின்மேல் ஏற்ற முயன்று, உடல் பின்னுக்கு வளைய நிற்கிறான். தூக்குவோரின் முதுகுவலி அதில் தெரிகிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரைத் தூக்கி மாற்றிய உறவினர் எவருக்கும் அந்த முதுகு புரியும்.

நம் நாட்டில் பி. சாலமன் ராஜ் (1921–2019) இவ்வழியில் நடந்தவர். ஆந்திர லுத்தரன் போதகரான அவர், சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் பணியாற்றினார். மரச்செதுக்கு அச்சிலும் பாத்திக் துணியிலும் திருமறைக் காட்சிகளைப் படைத்து, அவற்றோடு தம் தியானங்களையும் எழுதினார். பாத்திக் முறையில் உருகிய மெழுகைத் துணியில் இட்டுச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகில் விழும் விரிசல்களின் வழியே சாயம் ஊறி, நுண்ணிய கோடுகளாகப் படியும். அவ்விரிசற் கோடுகளே பாத்திக்கின் அழகு.

வரைய விரும்புவோர்க்குச் சில எளிய குறிப்புகள். வண்ணப் பென்சிலும் கோடில்லாத நோட்டும் போதும். டர்பன்டைன் கலந்த வண்ணங்களை வார்டில் தவிர்க்கவும். ஒரு சிறு பகுதியை மும்முறை மெதுவாகப் படியுங்கள். மனத்தில் நின்ற ஒரு சொல்லையோ பொருளையோ மட்டும் வரையுங்கள். அடியில் தேதியை எழுதுங்கள். வரையத் தெரியாதவர் எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டலாம், கோலப்புள்ளி வைக்கலாம். உறவினரும் உடன் வரையலாம். நண்பனைப் படுக்கையோடு கூரை வழியாக இறக்கிய நால்வரை மாற்கு நற்செய்தியில் காண்க. அது உங்கள் கதை.

உறவினர்க்கு ஒரு வேண்டுகோள். படத்தைத் திருத்தாதீர்கள், விளக்கமும் கேட்டு வற்புறுத்தாதீர்கள். “இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?” என்று ஒருமுறை கேட்டு, அமைதியாக அருகிலிருங்கள். ஆனால் சாக விரும்புவதாகப் படமோ சொல்லோ உணர்த்தினால், அன்றே எங்களிடம் தெரிவியுங்கள். நேற்றுவரை நேராக எழுதிய கை இன்று நடுங்கினாலும், கோடுகள் குழம்பினாலும் உடனே செவிலியரிடம் காட்டுங்கள். கல்லீரல் நோயாளிகளின் தெளிவை அறிய ஐந்து முனை நட்சத்திரம் வரையச் சொல்லும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு; கையின் கோடு எங்களுக்கும் ஒரு செய்தியே.

இறுதியாக ஒன்றை வெளிப்படையாகவே கூற விரும்புகிறோம். வாக்குத்தத்த வசனம் கிடைத்துவிட்டது என்று டயாலிசிசை நிறுத்தி, சில நாட்களில் மூச்சுத்திணறலோடு வருவோரைக் காண்கிறோம். இரத்தத்தில் ஏறும் பொட்டாசியத்தைப் பென்சிலால் குறைக்க இயலாது. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். இரக்கமும் மருந்தும் அக்கதையில் ஒரே கையிலிருந்து வருகின்றன. அதனை எழுதியவர் ஒரு மருத்துவர்.

அடுத்த முறை டயாலிசிசுக்கு வருகையில் நோட்டையும் எடுத்து வாருங்கள். பென்சில் இல்லாதவர் எங்கள் பிரிவுச் செவிலியரைக் கேட்கலாம்.