நாய் குரைப்பும் அண்டை வீட்டார் உரிமையும்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில் பகுதியை, ஊரவர் உவர்மலை என்றழைக்கும் அந்த மேட்டை, உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே வாடகை வீடொன்றில் குடியிருக்கும் ஒரு வாலிபர், ஜும்ஆவின் பின்னர் என்னிடம் வந்து ஒரு விடயத்தை முறையிட்டார். பக்கத்து வீட்டு நாய் இரவு முழுதும் குரைக்கின்றது. உம்மாவுக்கு நித்திரை இல்லை. சுபஹுக்குப் புறப்பட்டால் படலைக்குள் நின்று பாய்கின்றது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “மௌலவி, சோற்றில் ஏதாவது கலந்து போட்டால் குற்றமா?” என்று கேட்டார். கூட்டாளிகள் கொடுத்த யோசனையாம்.

குற்றம்தான். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு அருளினான் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மதீனாவில் ஆரம்பத்தில் நாய்களைக் கொல்லும்படி இடப்பட்ட கட்டளை பின்னர் நிறுத்தப்பட்டதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம். நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் இருக்கின்றது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறையை அரசாங்கமே 2006இல் கைவிட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. அப்படியிருக்க, மதிலுக்கு மேலால் நஞ்சு எறிய நமக்கு யார் உரிமை தந்தது? அந்தச் சோற்றை நாய்தான் தின்னும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. காகம் கொத்தி அயல் முற்றத்தில் போடும்; அங்கே குழந்தை தவழும்.

நம்மில் பலருக்கு நஜீஸ் என்பதும் வெறுப்பு என்பதும் ஒன்றாகிவிட்டன. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ் என்பது உண்மை. அதன் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆனால் உலர்ந்த நாய் உலர்ந்த உடையில் உரசிச் சென்றால் கழுவுதல் கடமையாவதில்லை. மாலிகி மத்ஹபினரோ உயிருள்ள நாயைச் சுத்தமானதென்றே கொள்கின்றனர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போயின என்று இப்னு உமர் (ரழி) அறிவித்துள்ளார்கள். குகைத் தோழர்களின் நாய் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்ததைச் சூரத்துல் கஹ்ஃப் மறவாமல் சொல்கின்றது. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்காக நாய் வளர்க்க அனுமதி உண்டு. தேவையின்றி வளர்ப்போரின் நன்மை குறையும் என்பதும் ஹதீஸே. ஆயினும் அது நம் வீட்டுக்கான சட்டம். பக்கத்து வீட்டாரின் முற்றத்தில் அதைக் கொண்டுபோய் நாட்ட முடியாது. பெற்றோர்களே, “நஜீஸ்” என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த மறுகணமே பிள்ளையின் கை கல்லைத் தேடுகின்றதே, அந்த இடைவெளியில் நாம் சொல்லாமல் விட்டது என்ன?

நாய் காரணமின்றிக் குரைப்பதில்லை. தன் எல்லைக்குள் யாரோ வருகின்றார் என்று அறிவிக்கக் குரைக்கும், தனிமையில் குரைக்கும், குறுகிய சங்கிலியில் நாள் முழுதும் கட்டப்பட்டிருந்தால் சலிப்பினால் குரைக்கும், தூரத்தில் இன்னொன்று குரைத்தால் பதிலுக்குக் குரைக்கும். படலையைக் கடந்து போகும் ஒவ்வொருவரையும் தான் துரத்திவிட்டதாகவே அது எண்ணிக்கொள்கின்றது. நீங்கள் எப்படியும் போய்விடுகின்றீர்கள் அல்லவா! ஆகவே நாளைக்கும் அதே ஊக்கத்துடன் குரைக்கும். சுபஹுக்குச் செல்லும் வாலிபர்கள் ஓட வேண்டாம், கல்லெறிய வேண்டாம், கண்ணோடு கண் பார்க்கவும் வேண்டாம். ஓரமாக, ஒரே சீராக நடந்து செல்லுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் வெளிப்பட்ட பின்னர் மருந்து அநேகமாகப் பயன் தருவதில்லை.

அந்த வாலிபரிடம் நான் கேட்டது ஒரு கேள்விதான்: “அந்த வீட்டில் யார் இருக்கின்றார்கள்?” அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதங்களாகக் குடியிருக்கின்றார்கள். நாயின் குரல் தெரிகின்றது. வீட்டுக்காரரின் முகம் தெரியவில்லை.

உறவினரான அயலவர், அந்நியரான அயலவர் என இரு சாராருக்கும் நன்மை செய்யும்படி சூரத்துன் நிஸா கட்டளையிடுகின்றது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். மூவின மக்களும் வாழும் திருகோணமலை போன்றதொரு நகரில் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. முறைப்பாட்டோடு முதற்தடவை கதவைத் தட்டுபவர் வம்புக்கு வந்தவராகவே பார்க்கப்படுவார். பகல் நேரத்தில், கோபம் தணிந்த பின்னர், வாப்பாவையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். முதல் நாள் அறிமுகம் மட்டும் போதும். பின்னர் கேட்கும்போது “உங்கள் நாயை அடக்குங்கள்” என்று கேட்காமல், செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: இரவில் நாயை மறுபக்கத்தில் கட்ட இயலுமா? வீதி தெரியாதபடி படலையைத் தகரத்தால் மறைக்கலாமா? மறைப்புச் செலவில் பாதியை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் நல்லதே.

நம் பக்கத்தையும் பார்ப்போம். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானிக் கழிவுகளை வீதியோரத்தில் போட்டுவிட்டு, தெருநாய் பெருகிவிட்டதென்று முறையிடுவது நியாயமா? நோன்பு இரவுகளில் சந்தியில் நின்று மோட்டார் சைக்கிளை உறும விடும் தம்பிமாரைப் பற்றி அந்த அயலவர்கள் யாரிடம் முறையிடுவார்கள்? வெலிகமப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என்ற விதியை வகுத்தது. அதைக் கேட்டு அன்று நம்மில் பலர் மனம் வருந்தினோம். அயலவரின் நித்திரைக்கும் ஓர் உரிமை உண்டென்பதை ஏற்க நமக்குக் கடினமாக இருந்தது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சரிதையில் ஒரு சம்பவம் பதியப்பட்டுள்ளது. கூபாவில் அவர்களின் அயலவர் ஒரு செருப்புத் தைப்பவர். ஒவ்வோர் இரவும் மது அருந்திவிட்டு, எல்லோரும் தன்னைக் கைவிட்டுவிட்டதாகப் பாடுவார். இமாமவர்கள் இரவுத் தொழுகையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓர் இரவு குரல் கேட்கவில்லை. விசாரித்தபோது, காவலர்கள் பிடித்துச் சென்றுவிட்டதாக அறிந்தார்கள். அப்பாடா என்று இருக்கவில்லை. மறுநாள் தாமே ஆளுநரிடம் சென்று அவரை மீட்டு வந்தார்கள். வழியில், “வாலிபரே, உம்மை நாம் கைவிட்டோமா?” என்று கேட்டார்கள். அதன் பின் அம்மனிதர் குடியை விட்டாராம்.

பேசியும் பயனில்லையெனில் பொறுமையோடு அடுத்த படிக்குச் செல்லலாம். தொல்லை தந்த அயலவரைப் பற்றி முறையிட்டவரிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் பொறுமையையே சொன்னார்கள். அவர் மீண்டும் மீண்டும் வந்த பின்னரே, பொருட்களை வீதியில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. இத்தகைய அயற்பிணக்குகளுக்கு அவை ஏற்ற இடம். தடுப்பூசி ஏற்றப்படாத, கடிக்கும் நாயென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள். பொலிஸ், நீதவான் நீதிமன்றம் எல்லாம் அதற்கும் பின்னர்தான். வழக்கில் வென்றாலும் மதில் அதே இடத்தில்தான் இருக்கும்.

அந்த வாலிபர் சில வாரங்களின் பின் மீண்டும் வந்தார். பக்கத்து வீட்டில் தனியே இருப்பவர் ஒரு வயோதிபத் தாய், பிள்ளைகள் வெளிநாட்டில், இரவில் அவருக்கு அந்த நாயே துணை. விடயத்தைச் சொன்னதும், “முதலே சொல்லியிருக்கலாமே மகன்” என்றாராம். நாய் இப்போது பின்பக்க மாமரத்தடியில் கட்டப்படுகின்றது. சுபஹுக்குப் போகையில் மட்டும் இன்னும் இரண்டு தடவை குரைக்கின்றதாம்.