பழைய படங்களைச் செப்பனிட எந்தக் கருவி?

சாங்வியில் நம்மவர் வீட்டு ஆல்பங்களுக்கு மழைக்காலம் ஆகாது. முளா, பவனா இரண்டு ஆறுகளும் பக்கத்திலேயே ஓடுவதால் ஈரம் பீரோவுக்குள்ளும் வந்துவிடும். 2024 ஜூலை வெள்ளம் பழைய சாங்வியின் தாழ்வான பகுதிகளில் புகுந்த பிறகு, கறை படிந்த படங்களோடு வந்து, "இதைச் சரிசெய்ய ஏதாவது ஆப் இருக்கிறதா சார்?" என்று கேட்டவர்கள் சிலர் உண்டு.

ஆப்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே செயற்கை நுண்ணறிவு என்றுதான் பெயர் போட்டுக்கொள்கின்றன. ஆனால் அவை செய்கிற வேலை ஒன்றல்ல.

சில கருவிகள் ஒட்டுப்போடுபவை. கீறலின் மேல் விரலை வைத்தால், பக்கத்து நிறத்தை எடுத்து அந்த இடத்தை மூடிவிடும். கூகிளின் ஸ்னாப்சீடில் உள்ள 'ஹீலிங்' அப்படிப்பட்டது. அது இலவசம், படம் போனை விட்டு வெளியே போவதுமில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பட்டம்கூட அதற்கு வேண்டியதில்லை. கூகிள் போட்டோஸின் 'மேஜிக் இரேசர்' ஒரு படி மேல். குறுக்கே வந்த ஆளையோ மின்கம்பியையோ அழித்து, பின்னால் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். 2021இல் பிக்சல் போனுக்கு மட்டும் வந்தது, 2024 மே மாதத்திலிருந்து மற்ற போன்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புதிய ஐபோன்களில் 'கிளீன் அப்' இருக்கிறது. சுவர், வானம், புடவைத் தலைப்பு ஆகியவற்றில் உள்ள கறைக்கு இவையே போதும்.

கவனம் வேண்டியது, முகத்தைத் 'தெளிவாக்கும்' கருவிகளிடம். இவை துடைப்பதில்லை, வரைகின்றன. 2021இல் டென்சென்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜி.எஃப்.பி.கேன் என்ற நிரல், இணையத்தில் திரட்டிய 70,000 முகப்படங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. மங்கிய படத்தில் கிடைக்கும் குறிப்புகளை வைத்துக்கொண்டு, கிடைக்காததைத் தான் கற்ற முகங்களிலிருந்து இட்டு நிரப்புகிறது. 2020இல் அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த 'பல்ஸ்' என்ற நிரலிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, வெகு தெளிவாக ஒரு வெள்ளைக்காரரை வரைந்து கொடுத்தது! ஒபாமாவை உலகமே அறியும் என்பதால் குட்டு வெளிப்பட்டது. உங்கள் கொள்ளுப்பாட்டியை நேரில் பார்த்தவர்கள் ஊரில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தால் அதிகம். புனேயில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கோ, கருவி வரைந்த முகமே பாட்டி ஆகிவிடும்.

ஆகவே, காசு கட்டுமுன் ஒரு சோதனை. நன்கு தெரிந்த ஒருவரின் தெளிவான படத்தைச் சிறிதாக்கி, மங்கச் செய்து கருவியிடம் கொடுங்கள். திரும்பி வருவதை அசலோடு ஒப்பிடுங்கள். மூக்குத்தியைக் கறை என்று எடுத்துவிட்டதா? பாம்படம் போட்டு நீண்ட காது சாதாரணக் காதாகிவிட்டதா? நெற்றியில் திருநீறும் கன்னத்து மச்சமும் இருக்கின்றனவா? பின்னால் உள்ள தமிழ்ப் பலகையில் எழுத்துகள் எழுத்துகளாக இருக்கின்றனவா?

2025 செப்டம்பரில் பெண்கள் பலர் ஜெமினியிடம் சொல்லித் தங்கள் படங்களுக்குப் பழைய சினிமாப் பாணியில் சேலை கட்டிப் பார்த்தார்கள். வேடிக்கைக்குச் சரி. அது படம் முழுவதையும் புதிதாக வரைவதால், நாம் சொல்லாத இடமும் மாறக்கூடும்.

ரயில்வே வரைபட அறையில் மூல வரைபடத்தில் யாரும் கைவைக்க மாட்டோம். பிரதியில் திருத்தி, திருத்த எண்ணும் தேதியும் போடுவோம். படங்களுக்கும் அதுவே நல்லது. ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிடுங்கள். ஆல்பத் தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே எடுக்கலாம். திருத்திய பிரதியின் பெயரிலேயே 'திருத்தியது' என்று ஆண்டுடன் குறித்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவதும் ஊகம்தான். சேலை அரக்கா, மயில்கழுத்துப் பச்சையா என்பது அந்தப் படத்தில் இல்லை. ஊரிலிருக்கும் பெரிய அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.