சிறு சரக்கு மோட்டாரும் நமது சங்கங்களும்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் நெசவாளர் சங்கமாயினும், பால் உற்பத்தியாளர் சங்கமாயினும், விவசாயக் கடன் சங்கமாயினும், நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் அடிக்கடி தலைகாட்டும் பொருள் ஒன்று உண்டு. "சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு வண்டி வாங்குதல்" என்பதே அது. வாடகை வண்டிக்குக் கொடுக்கும் கூலி ஒவ்வொரு மாதமும் கணக்கில் கண்ணை உறுத்துகிறது. அவசரத்திற்குக் கூப்பிட்டால் வண்டிக்காரர் வேறு சவாரிக்குப் போயிருக்கிறார். இந்நிலையில் அங்கத்தினர்களின் எண்ணம் "குட்டி யானை" என்று நம் மக்கள் செல்லப் பெயரிட்டழைக்கும் சிறு சரக்கு வண்டியின் பக்கம் திரும்புவது இயல்பே. அதனால் எவ்வளவு காரியம் ஆகும், எங்கே அது நின்றுவிடும் என்பதை வாங்குமுன் சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

இவ்வண்டி வகையின் பிறப்பு சுவையானது. ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிறன்று மாதா கோயிலுக்குப் போகவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று போர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார் என்பது அங்கே வழங்கும் கதை. கீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் லூ பாண்ட் என்ற இளைஞர் காரின் முன்பாகத்தையும் வண்டியின் பின்பாகத்தையும் ஒன்றாக இணைத்து வரைந்தார். 1934-இல் அது விற்பனைக்கு வந்தது. எண்பதாண்டுகளுக்கு மேல் அந்நாட்டு விவசாயிகளின் வலக்கையாக விளங்கிய அவ்வகை வண்டியை போர்டு 2016-லும், ஹோல்டன் 2017-லும் அங்கே உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டன.

நம் நாட்டில் நிகழ்ந்தது சற்று வேறு. டாட்டா கம்பெனியார் 1998-இல் இண்டிகா என்னும் காரை வெளியிட்டனர். அதன் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டரும் 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரை சக்தியும் கொண்ட சிற்றெஞ்சினாக்கி, 2005-இல் ஏஸ் என்ற வண்டியில் பொருத்தினர். மூன்று சக்கர ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் இடையே அதுவரை இருந்த வெற்றிடத்தை அது நிரப்பியது. 2016-இல் மாருதி கம்பெனியாரும் சூப்பர் கேரி என்னும் வண்டியுடன் இத்துறையில் இறங்கினர். காருக்குரிய எஞ்சினே அதிலும் ஓடுகிறது. கார் எஞ்சின் என்பதால் மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் காரின் எஞ்சினுக்குக் காரின் பலமே உண்டு. யானை என்ற பெயரைக் கேட்டு ஏமாறலாகாது.

ஏஸ் வண்டி முதலில் வந்தபோது அதற்குக் குறிக்கப்பட்ட சுமை 750 கிலோ. இந்த எண்ணை நிர்வாகக் குழுவினர் தம் சரக்கின் மொழியில் பெயர்த்துப் பார்க்கவேண்டும். பழைய கணக்கில் ஒரு பேல் நூல் 400 பவுண்டு, அதாவது சற்றேறக்குறைய 181 கிலோ. நான்கு பேல் ஏற்றினால் 726 கிலோ ஆகிவிட்டது. ஐந்தாவதற்கு இடம் இருந்தாலும் ஏற்றக்கூடாது. நாற்பது லிட்டர் பால் கேன் ஒன்று, கேனின் எடையும் சேர்ந்து, ஏறத்தாழ 50 கிலோ. பதினைந்து கேன்கள் எல்லை. 75 கிலோ நெல் மூட்டையானால் பத்து. வண்டியின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் சுமையுடன் கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்குள் டிரைவரும், பக்கத்தில் அமரும் சங்கச் சிப்பந்தியும் அடங்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நான்கு பேலும் இரண்டு ஆளும் என்றால் கணக்கு இழுபறிதான்.

பாவும் ஊடையும் வீடு வீடாக வழங்கி, நெய்த லுங்கிகளைத் திரும்பப் பெறும் நெசவாளர் சங்கத்திற்கு எடை ஒரு தொல்லையே அன்று. துணி இடத்தை அடைக்குமேயன்றி எடையால் நசுக்காது. ஏஸ் வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. லாரி தெருமுனையில் நின்றுவிட, பாவு மூட்டையைத் தோளில் சுமந்து நடந்த வயதான நெசவாளியின் வாசற்படிக்கே இவ்வண்டி போய் நிற்கும். ஆறு வீட்டுத் துணியை ஒரு நடையில் கொண்டுவந்து சங்கத்தில் சேர்த்துவிடலாம். மழைக்காலத்தில் நல்ல தார்ப்பாய் இல்லாமல் அனுப்பினால் கறைபட்ட துணிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு சங்கத்தில் எழும். ஆகையால் தார்ப்பாயின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

காய்கறி பயிரிடுவோருக்கும் இது ஏற்றதே. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு, வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெற்ற காய் என்றாலும் வாடிவிட்டால் விலை இல்லை. விடியுமுன் பறித்து, வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கோ உழவர் சந்தைக்கோ நேரத்தில் சேர்க்கச் சிறு வண்டியே வசதி. நிறையச் சரக்கு சேரும்வரை லாரி காத்திருக்கும், கத்தரிக்காய் காத்திராது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜவ்வாது மலைப் பாதைகளிலும் போகவேண்டியவர்கள் மட்டும் சுமையைக் குறைத்துக்கொள்ளவேண்டும். ஏற்றத்தில் சிற்றெஞ்சின் திணறுவது டிரைவருக்கே தெரிந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கு சூடேறி வலுவிழப்பதோ கடைசி நிமிஷம்வரை தெரியாது.

இனி நம் பகுதிக்கே உரிய தோல் விஷயத்திற்கு வருவோம். வண்டி சும்மா நிற்கும் நாட்களில் தோல் மண்டிக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்ற யோசனை, நான் தணிக்கைக்குச் சென்ற இடங்களில் ஒரு முறைக்கு மேல் என் காதில் விழுந்ததுண்டு. வருமானம் வரும் என்பது மெய்யே. ஆயினும் பதனிடாத தோலின் குணத்தை அறிந்தவர் இதற்கு உடன்பட மாட்டார். உப்பிட்ட மாட்டுத்தோல் ஒன்று இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். முப்பது தோலிலேயே வண்டியின் எல்லை முடிகிறது. பார்வைக்கோ பாதி வண்டிகூட நிரம்பியிராது. இன்னும் இடமிருக்கிறதே என்று ஐம்பது, அறுபது என அடுக்குவதே வழக்கமாகிவிடும். எடையைக் கண்ணால் அளக்கும் இப்பழக்கமே பின் அச்சையும் வில்லையும் முறிக்கிறது. அதைவிடக் கொடியது உப்பு நீர். தோலிலிருந்து கசியும் உப்பு நீர் தகட்டின் இணைப்புகளில் இறங்கி, அடிச்சட்டத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே வர்ணம் பளபளக்கும். அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். அதன் பிறகு அதே பலகையில் வெள்ளைப் பாவை ஏற்ற எந்த நெசவாளி சம்மதிப்பார்? வாடை ஒருபுறம், கறை ஒருபுறம். பதனிட்டு உலர்ந்த தோலும், பெட்டியில் அடைத்த காலணி மேற்பாகங்களும் வேறு விஷயம்; அவை உலர்ந்த சரக்கு, வாங்கலாம். ஈரத்தோலுக்கு மட்டும் சங்க வண்டியை எக்காரணத்தாலும் விடக்கூடாது என்று நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதி வைத்துவிடுதல் நல்லது என்பது என் கருத்து.

சட்டம் இவ்வண்டிக்குச் சில சலுகைகளைத் தருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. சுங்கச் சாவடிகளில், நம் பள்ளிகொண்டாவிலும் சரி, இது காரின் வகுப்பிலேயே கட்டணம் செலுத்துகிறது. 7,500 கிலோ மொத்த எடைவரை இலகு ரக மோட்டார் லைசென்சு வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. மிகைச் சுமைக்கோ கடுமை அதிகம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 20,000 ரூபாய் அபராதம், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சில மூட்டைகளின் வாடகையை மிச்சப்படுத்தப் போய் ஒரு மாதத்து டிரைவர் சம்பளத்தை இழக்க நேரிடும்.

அபராதமாவது பணத்தோடு போகும். ஆட்களை ஏற்றுவதன் விளைவு அப்படிப் போவதன்று. பொதுக்குழுக் கூட்டத்திற்கும், கலியாணத்திற்கும், திருவிழாவுக்கும், காலணித் தொழிற்சாலை வேலைக்கும் பெண்களையும் குழந்தைகளையும் சரக்கு வண்டியின் பின்னால் நிற்க வைத்து அழைத்துச் செல்வது நம் சாலைகளில் காணாத காட்சியன்று. சங்க வண்டி என்றால் "நம்ம வண்டிதானே" என்று அங்கத்தினர்கள் உரிமையோடு ஏறுவார்கள்; டிரைவரும் முகத்தை முறிக்கமாட்டார். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்கு நேரும் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் 2002-லேயே கூறிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவரது அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ சரக்குடன் செல்வது வேறு. பின்பெட்டியில் பத்துப் பேர் நிற்பது வேறு. வண்டி கவிழ்ந்தால் நஷ்ட ஈட்டின் பாரம் வண்டியின் சொந்தக்காரர் தலையில் விழும். இங்கே சொந்தக்காரர் சங்கம். அதாவது நெசவாளிகளும் பயிரிடுவோரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகை. குடும்பத்தில் ஒருவரை இழந்து நிற்கும் அங்கத்தினர், ஈட்டுக்காகத் தம் சங்கத்தையே எதிர்த்து வழக்காடும் அவல நிலையும் வரும். "ஆட்களை ஏற்றக்கூடாது" என்று வண்டியில் எழுதி வைத்தால் போதாது. மீறும் டிரைவர் மீதும், ஏற்றச் சொன்ன நிர்வாகி மீதும் நடவடிக்கை உண்டு என்று பொதுக்குழுவிலேயே அறிவிக்கவேண்டும்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, டிரைவர் சம்பளம் ஆகியவை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவுகள். உதாரணத்திற்கு இவை மாதம் 30,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் பத்து நாள் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் விழும். இருபத்தைந்து நாள் ஓடினால் 1,200 ரூபாய்தான். டீசல் செலவு இதற்கு மேல். பத்து நாள் வேலைக்கு வாடகை வண்டியே மலிவு என்பது வெளிப்படை. கடன் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிய வண்டி, சங்கக் கட்டிடத்தின் பக்கத்தில் டயர் இறங்கி நிற்பதைக் கண்டால் தணிக்கை செய்பவனுக்கே மனம் வலிக்கும். தனித்து ஒரு சங்கத்தால் இருபத்தைந்து நாள் வேலை கொடுக்க இயலாதெனில், அடுத்துள்ள இரண்டு சங்கங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். விடியற்காலையில் காய்கறி, முற்பகலில் பாவும் நூலும், மாலையில் துணி என்று ஒரே வண்டியின் பொழுதைப் பங்கிடுவது முடியாத காரியமன்று. போகும்போது நிறைந்தும் வரும்போது வெறுமையாகவும் ஓடும் வண்டி பாதிக் கூலியை வீணாக்குகிறது. வேலூர் மார்க்கெட்டில் காய்கறியை இறக்கிய வண்டி, திரும்பும் வழியில் உரமோ நூலோ ஏற்றிவரவேண்டும்.

மின்கலத்தால் ஓடும் வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். டாட்டாவின் மின்சார ஏஸ் 2022-இல் வெளிவந்தது. அதற்கு முதலில் குறித்த சுமை 600 கிலோ. ஒரு முறை மின்னேற்றினால் 154 கிலோமீட்டர் என்பது சோதனை முறையில் கண்ட தூரம். சுமையோடும் ஏற்ற இறக்கத்தோடும் அவ்வளவு ஓடுமென்று எதிர்பார்க்கலாகாது. எனினும் தினமும் ஒரே தெருக்களைச் சுற்றி இரவில் சங்கத்திலேயே நிற்கும் வண்டிக்கு இது பொருந்தும். எரிவாயுவில் ஓடும் வகைகளிலும் இத்தகைய விட்டுக்கொடுத்தல் உண்டு. சூப்பர் கேரியின் பெட்ரோல் வகைக்கு 740 கிலோ சுமை என்றால், எரிவாயு வகைக்கு 625 கிலோதான். எரிபொருளில் மிச்சம், சுமையில் குறை. இரண்டில் எது தமக்கு முக்கியம் என்பதைச் சங்கமே தீர்மானிக்கவேண்டும்.

தினசரிச் சுமை ஒரு டன்னைத் தாண்டும் சங்கங்கள் இவ்வண்டியின் பக்கமே போகவேண்டாம். ஓசூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலையில் 2011 முதல் உருவான தோஸ்து போன்றவை ஒன்றேகால் டன் வரை தாங்கும். கரும்புக்கும், பெருமளவு உரத்திற்கும் அதுவும் காணாது. லாரியும் டிராக்டரும்தான் வழி. சிறு வண்டியில் இரண்டு நடை அடித்துவிடலாம் என்பார்கள். இரண்டு நடைக்கு இரட்டிப்பு டீசல், இரட்டிப்புப் பொழுது, டயருக்கு இரட்டிப்புத் தேய்மானம்.

ஆகவே தீர்மானம் போடுமுன் மூன்று மாதத்திற்கு ஒரு பதிவேடு வைத்துப் பார்க்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தேதி, ஏற்றிய சரக்கு, அதன் எடை கிலோவில், போன தூரம், கொடுத்த வாடகை, திரும்பும்போது சரக்கு இருந்ததா என்ற ஆறு பத்திகள் போதும். எடையை மதிப்பாக எழுதாமல் தராசில் நிறுத்தே எழுதவேண்டும். மூன்று மாதம் என்றது, ஒரு பண்டிகைக் காலமும் தறி ஓய்ந்திருக்கும் ஒரு காலமும் அதற்குள் வருமாறு பார்த்துக்கொள்வதற்காக. தீபாவளிக்கு முந்திய நெருக்கடியை மட்டும் கணக்கெடுத்தால் வண்டி தினமும் ஓடும் என்றே தோன்றும். அப்பதிவேட்டின் கூட்டுத்தொகையையும், மூன்று விற்பனையாளரிடம் பெற்ற விலைப்புள்ளிகளையும் ஒன்றாக வைத்தே நிர்வாகக் குழு இப்பொருளை எடுத்துக்கொள்ளலாம்.