எல்லாப் பழியும் காலநிலைக்கா?

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அதே வாரம் பாரீஸில் உலகக் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடிவதற்குள், ‘எல்லாம் காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

மறு ஆண்டு, நெதர்லாந்து வானிலை விஞ்ஞானி கெர்ட் யான் ஃபான் ஓல்டன்போர்க் தலைமையிலான குழு இந்த மழையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டது. அந்த மழையில் புவி வெப்பமாதலின் தடயம் தென்படவில்லை என்றது அது. எல் நினோ கனமழைக்கான வாய்ப்பைக் கூட்டியிருந்தது உண்மை. ஆனால் உலகமே சூடேறிய முப்பத்தைந்து ஆண்டுகளில் வங்கக் கடலின் மேற்குப் பகுதி சூடாகவில்லை. காற்றில் மிதக்கும் புகையும் மாசுத்துகள்களும் வெயிலை மறைத்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

அப்படியானால் காலநிலை மாற்றம் கட்டுக்கதையா? இல்லை. ஒரு மழையில் தடயம் கிடைக்காததும் புவி சூடாகவில்லை என்பதும் வேறு வேறு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, தன் முடிவுகள் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் எடை போடுகிறது. சான்று எவ்வளவு வலுவானது? சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? அதன்படி ‘மிகக் குறைவு’ முதல் ‘மிக அதிகம்’ வரை ஐந்து நிலைகளில் நம்பகத்தன்மையைக் குறிக்கிறது.

அந்த எடைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். மனிதர்களால் பூமி சூடாகியிருப்பது ஐயத்துக்கு இடமற்றது என்கிறது 2021 அறிக்கை. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். இது இயற்பியல் விதி. போதிய பதிவுகள் உள்ள நிலப்பரப்புகளில் பெரும்பாலானவற்றில் 1950-களிலிருந்து கனமழை கூடியிருப்பதற்கும் நம்பகத்தன்மை அதிகம். ஆனால், உலக அளவில் ஆற்று வெள்ளங்களின் உச்சம் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் நம்பகத்தன்மை குறைந்துவிடுகிறது. அணைகள், நிலப் பயன்பாடு, மண்ணின் ஈரம், போதாத பதிவுகள் என எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்புகின்றன. வானத்திலிருந்து நம் தெருவை நோக்கி இறங்க இறங்க, சான்று மெலிகிறது.

இந்த எடையை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஐபிசிசியே பட்டு உணர்ந்தது. 2035-க்குள் இமயமலைப் பனிப்பாறைகள் அற்றுப்போகக்கூடும் என்று அதன் 2007 அறிக்கை எழுதியது. முறையான ஆய்வுச் சான்று இல்லாத ஆண்டு அது. 2010 ஜனவரியில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பனிப்பாறைகள் உருகுவது மெய். பிழையான ஓர் ஆண்டு, அந்த மெய்யையும் சந்தேகத்துக்கு ஆளாக்கியது.

நமக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்ட விதத்தைச் சுட்டி, 2015 வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் காலநிலையையே காரணம் காட்டினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பிவிடுவார்கள்.

கனமழை கூடும் என்ற வலுவான சான்றை வைத்து மழைநீர் வடிகாலின் அளவைத் தீர்மானிக்கலாம். அதற்குத் தயங்க வேண்டியதில்லை. ஏரிக்குள் வீட்டுமனை எப்படி வந்தது என்று அறியவோ, காலநிலை ஆய்வு எதுவும் தேவையில்லை. நில அளவைப் பதிவேடு போதும்.