பரணுக்கேற்ற தீயறிவிப்பான்

அமெரிக்க நாட்டு மரச்சட்ட வீடுகளில், கூரைச் சரிவுக்கும் உட்கூரைக்கும் இடையே, பழம்பெட்டிகளும் மின்கம்பிகளும் புகைபோக்கியும் அடைந்து கிடக்கும் பரணைப்போல் தீக்கு வசதியான இடம் வேறில்லையாயினும், அங்கே மாட்டுவதற்குரிய தீயறிவிப்பானைத் தேர்ந்தெடுப்பது பலரும் நினைப்பதுபோல் எளிய காரியமன்று.

படுக்கையறைப் புகையறிவிப்பானையே மேலேயும் ஒன்று மாட்டினால் ஆயிற்று என்று தோன்றுவது இயல்பே. 1930-களில் நச்சுவாயுவை உணரும் கருவி செய்ய முயன்று தோற்ற வால்ட்டர் யேகர் என்ற சுவிஸ் விஞ்ஞானி, சலிப்போடு பற்றவைத்த சிகரெட்டின் புகைக்கு அக்கருவி எதிர்வினை காட்டுவதைக் கண்டார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. அவ்வழி வந்த அயனி வகைக் கருவியில், அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருளின் அற்பத் துணுக்கு காற்றை அயனிகளாக்கி மெல்லிய மின்னோட்டத்தை நடத்திக்கொண்டிருக்க, உட்புகும் புகை அதைக் குறைத்ததும் ஒலி எழுகிறது. ஒளி வகையிலோ, புகையிற்பட்டுச் சிதறும் ஒளி உணர்கலத்தில் விழுகிறது. இவற்றின் குறையும் இந்தச் சூட்சுமந்தான்: தூசியும் பூச்சியும் ஈரமும்கூட அவற்றுக்குப் புகையே. மேலும், பெரும்பாலானவை ஏறத்தாழ 4 முதல் 38 டிகிரி சென்டிகிரேடுவரை பணிபுரியவே அமைந்தவை. கோடைப் பகலில் பரண் 60 டிகிரியையும் தாண்டக்கூடும். அடிக்கடி பொய்யாகக் கூவும் கருவியின் மின்கலத்தை வீட்டார் ஒருநாள் கழற்றிவிடுவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்நாட்டு மாதிரிக் குடியிருப்பு விதிகள், வசிக்கத் தகாத பரணுக்குப் புகையறிவிப்பானை வற்புறுத்தாதது நியாயமே.

அங்கே பொருந்துவது மந்தபுத்தியுள்ள வெப்பமறிவிப்பான். குறித்த வெப்பநிலையை எட்டினாலன்றி அது வாய் திறவாது, தூசியைப் பொருட்படுத்தாது. ஆனால் 57 டிகிரியில் ஒலிக்கும் சாதாரண வகையை வாங்கினால் வெயிலே அதை எழுப்பிவிடுமாதலால், 90 டிகிரியை ஒட்டிய உயர்வகையே வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 8 டிகிரி ஏறினால் ஒலிக்கும் மற்றொரு வகை, வெப்பக்காற்று திடீரெனப் பாயும் இடங்களுக்கு ஆகாது.

வெப்பமறிவிப்பான் தாமதித்தே பேசும். ஆகவே உறங்குவோரின் உயிரைக் காக்கும் பொறுப்பைப் புகையறிவிப்பானிடமிருந்து அது பறித்துக்கொள்ள இயலாது. பரணுக்கு விதிகள் தரும் விலக்கு, பூச்சுவேலை முடியாத நிலவறைக்கு இல்லை. படிக்கட்டருகே உத்திரங்களின் அடிப்பகுதியில் புகையறிவிப்பானையே மாட்டவேண்டும். பரணில் எழும் ஓசை மூடிய கதவுகளைக் கடந்து படுக்கையறைக்குக் கேட்பது அரிதாகையால், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி கருவிகளை இணைப்பது அவசியம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. எனவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எந்த நிறுவனத்தது, எந்த மாதிரி என்று பார்த்து எழுதிக்கொள்வது நலம்.