பழவேற்காடு தீவுகள்: கோடைப் பறவைகளின் வரவைத் தீர்மானிக்கும் நீர்மட்டம்

வரதய்யபாளையம்: திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே ஆந்திர - தமிழக எல்லையில் விரிந்துள்ள பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஸ்ரீஹரிகோட்டா, இருக்கம், வேணாடு ஆகிய தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரே பறவைகளின் இரைத்தளம்.

குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்துகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. பூநாரைகள் தங்குவதும் கிளம்புவதும் பெரிதும் நீரைப் பொறுத்தது. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி உண்ணும் அவற்றுக்கு, சேறு காய்ந்தால் இரை இல்லை.

கோடையில் ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் வரத்து குறைவதால், ஏரி கடல்நீரையே நம்பியுள்ளது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரவும் குறைந்து, ஆழம் குறைந்த வடபகுதி விரைவில் வற்றுகிறது.

1976-ல் அறிவிக்கப்பட்ட நேலப்பட்டு சரணாலயத்தில் கூடுகட்டும் கூழைக்கடாக்களும் குஞ்சுகளுக்கான மீனை இவ்வேரியிலிருந்தே கொண்டு செல்கின்றன. எனவே, முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்ற மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கையில் பறவைகளின் எதிர்காலமும் அடங்கியுள்ளது.