மோக்லி கையில் நெருப்பு
(பழைய படமும் புதிய படமும்: ஓர் ஒப்பீடு)



மோக்லியைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஓநாய்கள் வளர்த்த பையன். இந்தக் கதையை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். இவர் 1865-இல் பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர். 'தி ஜங்கிள் புக்' என்ற புத்தகம் 1894-இல் வெளிவந்தது. கதை நடக்கிற சியோனி காடு இப்போது மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆக, மோக்லி நம்ம நாட்டுப் பையன்தான்!

டிஸ்னி நிறுவனம் 1967-இல் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தது. 2016-இல் அதையே மறுபடியும் புதிதாக எடுத்தது. இரண்டையும் நான் பார்த்தேன். என்ன வித்தியாசம் என்று பார்ப்போமா?

எடுத்த விதம்

பழைய படம் ஓவியர்கள் கையால் வரைந்தது. திரையில் ஒரு வினாடி ஓட 24 பிரேம் வேண்டும். அப்படியானால் ஒன்றேகால் மணி நேரப் படத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய படத்தில் மோக்லியாக வரும் நீல் சேத்தி நிஜப் பையன். புலி, கரடி, ஓநாய், காடு எல்லாமே கம்ப்யூட்டரில் செய்தவை. அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள்! இதற்காக 2017-இல் ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

பழைய படத்தில் குரங்கு ராஜா ஓர் ஒராங்குட்டான். அது இந்தியக் காட்டில் கிடையாது. அதனால் புதிய படத்தில், ஆசியாவில் எப்போதோ வாழ்ந்து அழிந்துபோன ஜைகாண்டோபிதிகஸ் என்ற பெரிய குரங்காக மாற்றிவிட்டார்கள்.

பெரிய வித்தியாசம்

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது நெருப்புதான். புலி ஷேர்கானுக்கு நெருப்பு என்றால் பயம். பழைய படத்தில் மின்னல் விழுந்து ஒரு மரம் எரிகிறது. மோக்லி எரிகிற கிளையை எடுத்துப் புலி வாலில் கட்டிவிடுகிறான். புலி அலறி ஓடுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறது.

புதிய படத்தில் மோக்லி கிராமத்துக்குப் போய்த் தீப்பந்தத்தைத் திருடிக்கொண்டு ஓடி வருகிறான். ஓடும்போது பொறி விழுகிறது. அவன் கவனிக்கவில்லை. காடே பற்றிக்கொள்கிறது. அவனுடைய சொந்த மிருகங்களே அவனைப் பார்த்துப் பயப்படுகின்றன. அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. பந்தத்தை ஆற்றில் எறிந்துவிட்டு, வெறுங்கையோடு நின்று, புத்தியால் புலியை ஜெயிக்கிறான். பிறகு யானைகள் ஆற்றைத் திருப்பிவிட்டுத் தீயை அணைக்கின்றன.

டிவியில் இந்தப் படம் போட்டபோது நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மோக்லி பந்தத்தோடு ஓடும்போது என் தம்பி கை தட்டினான். எங்க அம்மா மட்டும், "பின்னால திரும்பிப் பாக்காம ஓடுறானே, பாவிப்பய" என்றார்கள். பொறி விழுந்ததை எங்களுக்கு முன்னாடியே அம்மா பார்த்துவிட்டார்கள்.

அம்மா வெடி ஆபீஸ் வேலைக்குப் போகிறார்கள். உள்ளே தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது, செல்போன் கூடாது. இரும்புச் சாமான் கூடாது, உரசினால் பொறி வரும். நைலான் சேலை கூடாது. உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் வாளியில் தண்ணீரும் மணலும் இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரே ஒரு பொறிக்காகத்தான்.

எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டால் நம்ம கிளாஸ் அப்படியே அமைதியாகிவிடும். எந்தப் பக்கம் புகை வருதுன்னு ஜன்னல் வழியாகப் பார்ப்போம். வெடித்துப் பார்க்கிற சத்தம்தான் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். டீச்சரும் அதுவரை பாடம் நடத்த மாட்டார்கள். இது ஆமத்தூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எது நல்ல படம்?

சிரிக்க வேண்டுமானால் பழைய படம். கரடி பாலுவின் ஆட்டத்தைப் பார்த்தால் அழுகிற பிள்ளையும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு புதிய படத்தில் குறைவு. ஆனால் நெருப்பைப் பற்றி உண்மை சொன்னது புதிய படம்தான். நெருப்பு எதிரியை மட்டும் பார்த்துச் சுடாது, கொண்டு போகிறவன் வீட்டையும் சுடும். அதை நம்ம ஊர்க்காரங்க படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் புதிய படமும் கதைதான் விட்டிருக்கிறது. அங்கே ஆற்றைத் திருப்ப யானைகள் வந்தன. இங்கே யானை வராது. ஒரு வாளி தண்ணீரும் நம் கவனமும்தான்.

இரண்டு படத்தையும் பாருங்கள். உங்களுக்கு எது பிடித்தது என்று இதன் கீழே உள்ள வெள்ளைத்தாளில் எழுதுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி